துணி ரோல் குடோனுக்கு ஸ்டேக்கிங் ரேக் வாங்கலாமா?

நீங்கள் கேட்டது இது: திருப்பூரில் 40க்கு 100 அடி வாடகைக் குடோன், ஷீட் கூரை, உயரம் 20 அடி. உள்ளே பனியன் துணி ரோல், கொஞ்சம் நூல் மூட்டை. எல்லாவற்றையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டு வைத்திருக்கிறீர்கள். இடம் போதவில்லை, அடி ரோல் நசுங்குகிறது. ஒருவர் ஸ்டேக்கிங் ரேக் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் தரையில் போல்ட் அடித்து நிறுத்தும் பேலட் ரேக்தான் சரி என்கிறார். எதை வாங்குவது, எத்தனை அடுக்கு ஏற்றலாம், பட்டறையில் என்ன சொல்லிச் செய்யச் சொல்வது?

பதினெட்டு வருஷமாகக் குடோன் வேலைதான் எனக்கு. நூல், துணி, நடுவில் கொஞ்ச காலம் டயர். உங்களுக்கு என் பதில்: பாதி இடத்துக்கு வாங்குங்கள், மொத்தத்துக்கும் வேண்டாம். எந்தப் பாதிக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ரேக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேக்கிங் ரேக்கில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடியில் ஒரு இரும்புச் சட்டம், நாலு மூலையிலும் கழற்றி மாட்டும் நாலு கால், ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு முனை. அடிச்சட்டத்தின் மூலைகளில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி பாதம் இருக்கும். மேல் ரேக்கின் கிண்ணம் கீழ் ரேக்கின் கால் முனைமேல் உட்காரும். அவ்வளவுதான். ஆனால் இதனால் எடை போகும் வழியே மாறிவிடுகிறது. தரையில் எட்டு வரிசை ரோல் அடுக்கினால் அடி ரோல் மேல் ஏழு ரோல், அதாவது 150 கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. ரேக்கில் அதே ரோலுக்கு மேல் நாலு ரோல்தான். அதற்கு மேலே இருக்கும் ரேக்குகளின் எடை முழுக்கக் காலில் இறங்கித் தரைக்குப் போய்விடும், துணியைத் தொடாது. லைக்ரா கலந்த துணிக்கு இது ரொம்ப முக்கியம். லைக்ரா துணியை நாலு மாதம் அழுத்தத்தில் விட்டால் விழும் மடிப்புக்கோடு அயர்ன் போட்டாலும் முழுசாகப் போவதில்லை, கட்டிங் டேபிளில் பஞ்சாயத்து ஆகும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஓப்பன் வித், அதாவது குழாயாக இல்லாமல் விரித்துச் சுற்றிய துணி ரோல் சுமார் 6 அடி நீளம், 11 அங்குலம் குறுக்களவு, 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 6¼ அடி நீளம், 4 அடி அகலம், 5¼ அடி உயரம் உள்ள ரேக் பொருந்தும். அகலத்தில் நாலு ரோல், உயரத்தில் அஞ்சு வரிசை, பள்ளத்தில் இறங்கி உட்காருவதைச் சேர்த்தால் 21 ரோல் வரை போகும். எடை சுமார் 460 கிலோ. அதாவது துணி ரோலைப் பொறுத்தவரை ரேக் நிறைவது இடத்தால், எடையால் அல்ல. விற்பவர் 'ஒன்றரை டன் தாங்கும் சார்' என்று சொல்லி அதற்கு ஏற்ப விலை வைத்தால், உங்களுக்கு வேண்டாத இரும்புக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். ரேக்குக்கு 700 கிலோ தாங்குகிற மாதிரி செய்தால் துணிக்குப் போதும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. நூல் மூட்டை அப்படி இல்லை. அதே ரேக்கில் கோன் மூட்டையை, அதாவது கூம்புகளில் சுற்றிய நூல் மூட்டையை, முழுக்க அடைத்தால் 850 கிலோவைத் தொடும், கிட்டத்தட்ட துணியைப் போல் இரண்டு மடங்கு. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு சுமைதான். லோடுமேன் கணக்குப் பார்க்க மாட்டார், இடம் இருக்கிறதே என்று ஏற்றிவிடுவார். அதனால் துணி ரேக்குக்கு ஒரு பெயிண்ட், நூல் ரேக்குக்கு வேறு பெயிண்ட் அடியுங்கள். எங்கள் இடத்தில் துணிக்கு நீலம், நூலுக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், வடநாட்டுப் பையன்களுக்கும் புரியும்.

இன்னொன்று. ரோல் உருளும். ரேக்கின் நீளவாக்கில் ரோலைப் படுக்க வைப்பதால் அது உருண்டு விழுவது நீளப் பக்கமாகத்தான், நடைபாதையில் ஆள் நிற்கிற பக்கம். பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் குட்டைப் பக்கம் இரண்டிலும் அழகாக வலை அடித்துக் கொடுத்துவிட்டு, நீளப் பக்கத்தை 'லோடு ஏற்ற வசதியா இருக்கும்' என்று திறந்து விட்டுவிடுவார்கள். நீளப் பக்கம் இரண்டிலும் அடியில் ஒரு நிரந்தரத் தடுப்பு, நடு உயரத்திலும் மேலும் தூக்கி எடுக்கிற மாதிரி குறுக்குக் கம்பி கேளுங்கள். செலவு அற்பம். 15 அடி உயரத்திலிருந்து 22 கிலோ ரோல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை அடுக்கு? உங்கள் குடோனுக்கு மூன்று. 5¼ அடி ரேக் மூன்று வைத்தால் 16 அடிக்குக் கொஞ்சம் குறைவு. கூரை 20 அடி என்றாலும் கூரையைத் தாங்கும் இரும்பு டிரஸ், லைட், ஒயர் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். நாலாவது வைக்க எப்படியும் முடியாது, வைக்கவும் கூடாது. நான் பின்பற்றும் கணக்கு, மொத்த உயரம் ரேக்கின் குட்டைப் பக்கத்தைப் போல் நாலு மடங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் ரேக்கில் குட்டைப் பக்கம் 4 அடி, ஆக 16 அடி. சரியாக விளிம்பில் நிற்கிறது. ரோல் 3 அடி அகலத் துணி என்பதற்காக ரேக்கை 3 அடி அகலத்தில் செய்து, அதையும் மூன்று அடுக்கு வைத்தால் நான் அந்தப் பக்கம் நடக்க மாட்டேன்.

பலர் ரேக்கில் கவலைப்படுவது கால் தாங்குமா என்று. அது தேவையில்லாத கவலை. மூன்று அடுக்கில் ரேக்கின் சொந்த எடை 80 கிலோவையும் சேர்த்தால் மொத்தம் 1,620 கிலோ, ஒரு மூலைக்கு 405 கிலோ. 60க்கு 60 மி.மீ. சதுரக் குழாய் அதைப் போல் பல மடங்கு நின்றபடியே தாங்கும். கால் இரும்பு நசுங்கி ரேக் விழுந்ததை நான் பார்த்ததே இல்லை. சாய்ந்து விழுந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். சாய்வு எங்கிருந்து வருகிறது என்றால், அடிச்சட்டத்தில் கால் செருகி நிற்கும் குழியிலிருந்து, அதாவது சாக்கெட்டிலிருந்து.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால், முதல் தடவையாக 24 ரேக் செய்யக் கொடுத்தோம். மூன்று பட்டறையில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். வந்தபோது பளபளவென்று பவுடர் கோட்டிங், பார்க்க அருமை. மூன்று அடுக்கு ஏற்றி ஒரு வாரம் இருக்கும், காலையில் ஷட்டரைத் தூக்கியபோது ஒரு வரிசை பக்கத்து வரிசையின் தோளில் சாய்ந்து நிற்கிறது. கும்பிடு போட்டுக்கொண்டு, ரேக்கைத் தூக்கி அடுக்கும் வண்டியான ஸ்டேக்கரை எடுத்து மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினோம். அப்புறம் ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து மிச்ச வரிசைகளில் பிடித்துப் பார்த்தால், நேராக நின்றது ஆறில் இரண்டுதான். காரணம் தேடியபோது சாக்கெட் ஆழம் வெறும் 75 மி.மீ., உள்ளே காலுக்கும் சாக்கெட்டுக்கும் 2 மி.மீ. ஆட்டம். கேட்டால் 2 மி.மீ. என்ன பெரிசு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 மி.மீ.க்கு 2 மி.மீ. என்றால் 1,600 மி.மீ. உயரக் காலின் தலையில் 40 மி.மீ.க்கு மேல் விலகும். அது ஒரு அடுக்கில். மூன்று அடுக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் உச்சியில் அஞ்சு அங்குலம். பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை, நாங்கள் கொடுத்த படத்தில் சாக்கெட் ஆழமே எழுதியிருக்கவில்லை.

அதனால் சாக்கெட் ஆழம் 150 மி.மீ.க்குக் குறையாமல், ஆட்டம் 1 மி.மீ.க்கு மேல் போகாமல் என்று எழுத்தில் கொடுங்கள். அந்த அளவில் காலின் தலை விலகுவது அரை அங்குலத்துக்குள் நின்றுவிடும். பவுடர் கோட்டிங்கின் தடிமனையும் சேர்த்துத்தான் அந்த 1 மி.மீ., இல்லாவிட்டால் பெயிண்ட் அடித்தபின் கால் உள்ளே இறங்காமல் சுத்தியால் அடித்து இறக்குவார்கள். வாய்ப்பு இருந்தால் சாக்கெட்டில் ஒரு ஓட்டை போட்டு, குறுக்கே பின் செருகும்படி கேளுங்கள். ரேக்கைத் தூக்கும்போது கால் தனியாகக் கழன்று வராது.

குழாயைப் பற்றி. நம்ம ஊர்க் கடைகளில் கேஜ் கணக்குதான் பேசுவார்கள். 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ. காலுக்கு நான் 2.5 மி.மீ.க்குக் குறைய விடுவதில்லை. தாங்குவதற்காக அல்ல, இடி வாங்குவதற்காக. ஸ்டேக்கரின் முன்னால் நீட்டியிருக்கும் தூக்கு முள்ளு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது எந்தக் காலையாவது இடிக்கத்தான் செய்யும். 1.6 மி.மீ. குழாய் அந்த இடியில் டப்பா மாதிரி குழிந்துவிடும், குழிந்த கால் அதற்கப்புறம் தன் பழைய பலத்துக்கு நிற்காது. தடிமனை வெர்னியரில் பார்ப்பதைவிட எடை போட்டுப் பார்ப்பது எளிது. 60க்கு 60, 2.5 மி.மீ. குழாய் 20 அடி நீளம் சுமார் 27 கிலோ வரவேண்டும். 2 மி.மீ. என்றால் 22, 1.6 என்றால் 18கூட வராது. குழாய் கட்டு வந்து இறங்கும் அன்று பட்டறைக்குப் போய் ஒன்றைத் தராசில் ஏற்றிப் பாருங்கள், யாரும் எதுவும் விளக்கத் தேவையில்லை. பில்லில் ஐஎஸ் 4923 குழாய் என்று எழுதி வாங்குவது நல்லது, அது இந்த மாதிரிச் சதுரக் குழாய்களுக்கான இந்தியத் தரம்.

வெல்டிங்கைப் பெயிண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டும். பவுடர் கோட்டிங் ஒரு பெரிய மேக்கப், அதற்கடியில் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் நாலு பொட்டு டேக் வெல்ட் மட்டும் வைத்து அனுப்பினாலும் தெரியாது. பாதக் கிண்ணத்தைச் சுற்றி முழு வட்டமும் வெல்ட் ஓடியிருக்கிறதா, சட்டத்தின் மூலைகளில் அடிப்பக்கமும் வெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மாதிரிக்கு ஒரே ஒரு ரேக் முதலில் செய்யச் சொல்லி, உங்கள் குடோனுக்குக் கொண்டுவந்து, 700 கிலோ ரேக் என்றால் 875 கிலோ நூல் மூட்டையை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். நீளப் பக்கச் சட்டத்தின் நடுவில் நூல் பிடித்துப் பார்த்தால் தொய்வு 9 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், இறக்கியபின் பழையபடி நேராகிவிட வேண்டும். அதற்கப்புறம்தான் மிச்ச ஆர்டர்.

கூர்மையான பிசிறு, வெல்டிங் துளி, வலையின் வெட்டு முனை, இவை எல்லாம் பனியன் துணிக்கு எமன். ஒரு இழை மாட்டினால் ஓட்டை கீழே வரை ஓடும். கையுறை போடாமல் உள்ளங்கையால் சட்டம் முழுக்க ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். என் கையைக் கீறினால் துணியையும் கீறும்.

துரு அடுத்த பிரச்சினை. வெள்ளைத் துணியில் ஒரு துருக்கறை பட்டால் அந்த ரோலை வைத்துக்கொண்டு பார்ட்டியிடம் பேசவே முடியாது. ஆக்சாலிக் அமிலத்தில் கறையை எடுக்கலாம்தான், ஆனால் அதை ரோல் கணக்கில் யார் செய்வது? கால்வனைஸ், அதாவது துத்தநாகப் பூச்சு செய்தால் கவலை குறைவு, செலவு அதிகம். உள்ளூர்க் குடோனுக்குப் பவுடர் கோட்டிங் போதும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் துணி உட்காரும் அடிச்சட்டத்தின் மேல் பிளைவுட்டோ தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டோ விரிக்க வேண்டும். எப்படியும் அஞ்சாறு மாதத்தில் முள்ளு உரசி உரசி அடிச்சட்டத்தின் பெயிண்ட் போய்விடும். வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், கீறிய இடத்தில் டச்சப் அடிப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தரை. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. தரையில் அட்டி போட்டால் எடை பரவலாக இறங்கும். ரேக்கில் 405 கிலோவும் உள்ளங்கை அளவுள்ள ஒரு பாதத்தில் இறங்கும். நல்ல கான்கிரீட் தரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நம்ம பக்கத்துப் பழைய ஷெட்களில் பாதி கடப்பா கல் தரை, அடியில் வெறும் மண். கல்லின் விளிம்பில் பாதம் வந்தால் கல் டக்கென்று உடையும், அல்லது ஒரு மூலை மெல்ல இறங்கும். ஒரு பாதம் அரை அங்குலம் இறங்கினால் 4 அடி அகலத்துக்கு அது நூறில் ஒரு பங்கு சாய்வு, 16 அடி உயரத்தில் இரண்டு அங்குலம். சாக்கெட் ஆட்டத்தோடு இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடப்பா கல் என்றால் ரேக் நிற்கிற பகுதியில் மட்டுமாவது கல்லைப் பெயர்த்து கான்கிரீட் போடுங்கள். ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அடி ரேக்கின் பாதங்களுக்குக் கீழே ஒரு அடி சதுரத்துக்கு 10 மி.மீ. தகடு வைத்து, இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூக்குவதற்கு என்ன வண்டி என்பதை ரேக் ஆர்டருக்கு முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும், பின்னால் அல்ல. நடந்துகொண்டே ஓட்டும் எலக்ட்ரிக் ஸ்டேக்கர் உங்களுக்குப் போதும். மூன்றாவது ரேக்கை வைக்க அதன் அடிப்பாகம் 10½ அடிக்கு மேல், கால் முனையைத் தாண்டுவதற்கு இன்னும் நாலைந்து அங்குலம் எழும்ப வேண்டும், ஆக 3.5 மீட்டர் தூக்குகிற வண்டி. ஒரு டன் ஸ்டேக்கர் உச்சியில் ஒரு டன் தூக்காது, உயரம் ஏற ஏற எடை குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து, 3.5 மீட்டரில் எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம், சாதாரண ஸ்டேக்கரின் முள்ளுக்கு நேர் கீழே இரண்டு தாங்கு கால்கள் தரையோடு ஓடும். முள்ளு ரேக்குக்குள் போகும்போது அந்தக் கால்களும் ரேக்குக்குக் கீழே போக வேண்டும். ரேக்கின் நீளப் பக்கத்தில் தரையை ஒட்டி ஒரு குறுக்குக் குழாய் இருந்தால் வண்டி உள்ளேயே போகாது. 40 ரேக் செய்து இறக்கிவிட்டு, வண்டி நுழையாமல், எல்லாவற்றுக்கும் அடிக்குழாயை கேஸ் கட்டிங் செய்து எடுத்த ஒரு குடோனை எனக்குத் தெரியும். தரைக்கும் சட்டத்துக்கும் 4 அங்குலம் வெற்றிடம், நீளப் பக்கம் தரையில் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. முள்ளு உரசாமல் நிற்க, சட்டத்தின் அடியில் இரண்டு வழிகாட்டிப் பட்டை வைத்தால் ரேக் வண்டியில் நழுவாது.

டீசல் ஃபோர்க்லிஃப்ட் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அதற்கு நடைபாதை அகலம் அதிகம் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெள்ளைத் துணி. பாலித்தீன் உறையில் கலக்கும் ஒரு வகை ஃபீனால் பொருளும் வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்தால் வெள்ளைத் துணி மஞ்சள் தட்டும். சாயப்பட்டறைக்காரர் மேல் பழி போடுவோம், குற்றவாளி குடோனுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இனி இடக் கணக்கு. 40 அடி அகலத்தில் நடுவே 10 அடி நடைபாதை விட்டு, இரண்டு பக்கமும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மூன்று ரேக் ஆழம் வைக்கலாம். நீளத்தில் வாசலுக்கும் லோடு இறக்கவும் இடம் விட்டால் 13 வரிசை. 13 × 3 × 2 = 78 இடம், மூன்று அடுக்கில் 234 ரேக், கிட்டத்தட்ட 4,900 ரோல், 100 டன்னுக்கு மேல் துணி. தரையில் அட்டி போட்டால் இதே குடோனில் 35 டன் வந்தால் அதிகம். இந்த 'மூன்று மடங்கு' கணக்கைத்தான் ரேக் விற்பவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். கணக்கு பொய் இல்லை. ஆனால் அது எல்லா ரோலும் ஒரே மாதிரி இருந்தால்தான் பலிக்கும்.

ஏனென்றால் ஸ்டேக்கிங் ரேக்கில் கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். சுவரோரம் அடியில் இருக்கும் ரேக் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஆறு ரேக்கையும் அதன் தலையில் இருக்கும் இரண்டையும் இறக்க வேண்டும். எட்டு தடவை வண்டி ஓட்டம், இறக்கி வைக்க நடைபாதையில் இடம், மறுபடி எட்டு தடவை ஏற்றம். ஒரு வரிசை, அதாவது மூன்று ஆழம், மூன்று உயரம், ஒன்பது ரேக், சுமார் 4 டன் துணி. 4 டன் அளவுக்கு ஒரே கிரே துணி (சாயம் போடாதது), ஒரே கவுண்ட் (நூலின் பருமன்), ஒரே ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்றால் ஒரு வரிசையை அதற்கே கொடுத்துவிடலாம், எந்த ரோலை எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் சாயம் போட்ட துணி அப்படி இல்லை. நேவி 300 கிலோ, மெரூன் 250 கிலோ, மெலாஞ்ச் 400 கிலோ என்று வரும். ஒவ்வொன்றும் ஒரு ரேக்கையே நிரப்பாது. நேவிக்கு மேல் மெரூன், அதற்கு முன்னால் மெலாஞ்ச் என்று வைத்துவிட்டால், கட்டிங்கிலிருந்து 'நேவி ரிப் எங்கே?' என்று போன் வரும் போதெல்லாம் குடோன் முழுக்கப் புரட்ட வேண்டியதுதான்.

ஆகவே நான் சொன்ன பாதி இதுதான். ஒரு பக்கம் முழுக்க கிரே துணிக்கு ஸ்டேக்கிங் ரேக், மூன்று ஆழம். நூலுக்கும் அதே பக்கத்தில், ஒரே மில், ஒரே லாட் என்று பெரிதாக வருவதற்கு மட்டும், நூலுக்கென்று கனமாகச் செய்த ரேக்கில். மறுபக்கம் சாயத் துணிக்கு, போல்ட் அடிக்கிற பேலட் ரேக். அதில் எந்தத் தட்டையும் மற்றதைத் தொடாமல் எடுக்கலாம். அதற்கு உங்கள் இன்னொரு ஆலோசகர் சொன்னது சரி. ஆனால் அதற்கும் தரை நன்றாக இருக்க வேண்டும், ஓனர் போல்ட் அடிக்கச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அந்தப் பக்கத்திலும் ஸ்டேக்கிங் ரேக்கையே, ஒற்றை ஆழத்தில், இரண்டு அடுக்கில் வையுங்கள். இடம் வீணாகும், ஆனால் தேடல் மிச்சம். கிரே பக்கத்துக்கு வேண்டிய 117 ரேக்கையும் ஒரே தடவையில் வாங்க வேண்டாம். முதலில் 30, அதாவது மூன்று வரிசையும் கையில் மூன்று உதிரியும். ஒரு சீசன் ஓட்டிப் பார்த்தால் உங்கள் லாட் அளவு எப்படி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

டயருக்கு, மெத்தைக்கு, கார்ப்பெட் ரோலுக்கு எல்லாம் இதே ரேக்தான், அளவு மட்டும் மாறும். டயர் தன் மேல் இன்னொரு டயர் ஏறினால் உருக்குலையும் பொருள் என்பதால் அந்தத் தொழிலில் இது வெகு சகஜம். அதற்கு மேல் இங்கே உங்களுக்கு அது தேவையில்லை.

தினசரிப் பழக்கம் சிலவற்றைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கை ஏற்றும்போது டிரைவருக்கு முன்பாதம் இரண்டும் தெரியும், பின்பாதம் இரண்டும் தெரியாது. நாலும் உட்கார்ந்துவிட்டதா என்று பக்கவாட்டில், தள்ளி நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்கள் பையன் ஒருவன் பார்க்காமலேயே சொல்லுவான். கிண்ணம் சரியாக உட்கார்ந்தால் 'டங்' என்று ஒரே சத்தம், ஒரு மூலை தொங்கினால் 'டக்-டக்' என்று இரண்டு. சத்தத்தை நம்பி முள்ளை எடுக்க நான் விடுவதில்லை, ஆனால் அவன் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அடுக்கிய ரேக்கை முள்ளால் தள்ளி நேராக்கக் கூடாது, தூக்கித்தான் மறுபடி வைக்க வேண்டும். இரண்டை ஒன்றாகத் தூக்கக் கூடாது. ஒரே ஒரு ரோலுக்காக யாரும் ரேக்கின் காலைப் பிடித்து மேலே ஏறக் கூடாது, ரேக்கையே இறக்குங்கள். குழிந்த கால் கண்ணில் பட்டால் அன்றே கழற்றித் தனியாகப் போடுங்கள். கால் கழற்றி மாட்டுவதாக இருப்பதன் பெரிய வசதி இதுதான், முழு ரேக்கையும் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. ரோல் தலையில் ஒட்டிய லாட் சீட்டு ரேக்குக்குள் மறைந்துவிடும் என்பதால், ரேக்கின் நீளப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்து அதில் சீட்டின் நகலைப் போடுங்கள்.

தீ பற்றி ஒரு வார்த்தை. தரை அட்டியில் துணி நெருக்கமாக இருக்கும், தீ மெல்லப் புகையும். ரேக்கில் சுற்றிலும் காற்று இருக்கிறது, தீ பிடித்தால் அடியிலிருந்து உச்சிக்கு நேராக ஏறும். அதனால் மேல் ரேக்குக்கு மேலே ஒயரும் லைட்டும் இருக்கக் கூடாது, லைட் நடைபாதைக்கு மேலே மட்டும். தெளிப்பான் குழாய் போட்ட கட்டடம் என்றால் சரக்கின் தலைக்கும் தெளிப்பான் மூக்குக்கும் 18 அங்குலமாவது இடைவெளி விட வேண்டும். பெரும்பாலான வாடகை ஷெட்களில் அது கிடையாது என்பதால் சுவரோரம் விட்ட ஒன்றரை அடியை ஒருபோதும் அட்டைப்பெட்டி போட்டு அடைக்காதீர்கள். அந்தச் சந்தில் ஆள் போக முடிய வேண்டும், தீயணைப்புக் கருவியோடு. காப்பீடு எடுத்திருந்தால், அடுக்கும் உயரம் மாறுவதை முன்கூட்டியே அவர்களுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சரக்கு இல்லாத மாதங்களில் காலைக் கழற்றி, சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் ஒரு ரேக் நின்ற உயரத்தில் எட்டுப் பத்துச் சட்டம் அடங்கும். குடோனைக் காலி செய்தாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம், பேலட் ரேக் மாதிரி ஓனரின் தரையில் ஓட்டை விட்டுவிட்டு அட்வான்ஸில் பிடித்தம் வாங்க வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில் கார் பாகங்கள் ஏற்றிய செகண்ட் ஹேண்ட் ரேக்குகளும் கிடைக்கும். விலை பாதிதான், ஆனால் ஒரே அச்சில் செய்தவையா என்று பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனி ரேக் கலந்திருந்தால் கிண்ணமும் முனையும் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்துவது போல் உட்கார்ந்து ஏமாற்றும், அது இன்னும் மோசம்.

உங்கள் தரை கடப்பா கல்லா, கான்கிரீட்டா என்று கேள்வியில் எழுதவில்லை. கான்கிரீட் என்றால், ஒரு மூலையில் சிறிதாகத் தோண்டி எத்தனை அங்குலக் கனம் என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.